‘மாஸ்’ படம் என்றுதான் சொன்னேன்

தப்பு என்னுடையதுதான். வாட்ஸ்அப் குழுவில் ‘ஞாயிறு மாலை 4 மணி. படம்: மாஸ்’ என்று மட்டும் போட்டுவிட்டேன். வழக்கமாக ஏழெட்டுப் பேர் வருகிற இடத்தில் அன்று இருபத்து மூன்று பேர். எங்கள் கோத்தகிரியில் டானிங்டன் பக்கம் ஜீப் ஓட்டும் பையன்கள் நாலு பேர் புதிதாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். “அண்ணா, ஸ்பீக்கர் தாங்குமா?” என்று அதில் ஒருவன் கேட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நம் ஊரில் மாஸ் என்றால் ஹீரோ நடந்து வர வேண்டும், பின்னால் புழுதி கிளம்ப வேண்டும், பத்துப் பேர் பறந்து போய் விழ வேண்டும். நான் போடப்போனது 2021-இல் வந்த ஓர் அமெரிக்கப் படம். நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். 111 நிமிடம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கிறிஸ்தவக் கோயில் பூசை என்றும் ஒரு பொருள். கூட்டமாக ஆட்களைச் சுட்டுத் தள்ளுவதைச் சொல்லும்போதும் அதே சொல்தான் முன்னால் நிற்கும். இரண்டுக்கும் படத்தில் இடம் உண்டு. விசிலுக்குத்தான் இல்லை.

எழுந்து போய் விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியே ஐப்பசி மழை. நீலகிரியின் மேற்குப் பக்கத்துக்கு ஆடி மழை பெரிது, கோத்தகிரிக்கு ஐப்பசி மழைதான் மழை. இந்த மழையில் யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்று ஒரு அற்பக் கணக்கும் மனதில் ஓடியது.

இடத்தைப் பற்றி இரண்டு வரி. நண்பர் ஒருவரின் ஹார்டுவேர் கடைக்கு மேலே உள்ள மாடி. பெயின்ட் டப்பாக்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, இரண்டாம் கையாக வாங்கிய புரொஜெக்டரில் மாதம் ஒரு படம் போடுகிறோம். படம் முடிந்ததும் டீ, வர்க்கி, அப்புறம் பேச்சு. டீ போடுவது கீழே கடையில் வேலை செய்யும் அக்கா. இலங்கையில் கண்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். ஆங்கில சப்டைட்டில் அவருக்கு எட்டாது. ஆனால் ஒரு படத்தையும் விடமாட்டார், சுவரோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். அன்றும் அப்படித்தான்.

படம் இதுதான். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவன் துப்பாக்கியோடு நுழைந்து பலரைச் சுட்டுவிட்டுத் தானும் செத்துப்போகிறான். சில ஆண்டுகள் கழித்து, செத்த ஒரு பையனின் அப்பா அம்மாவும், சுட்ட பையனின் அப்பா அம்மாவும் ஒரு தேவாலயத்தின் பின்பக்க அறையில் சந்திக்கிறார்கள். வக்கீல் கிடையாது, நடுவர் கிடையாது. ஏற்பாடு செய்த பெண்ணும் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விடுகிறார். ஜேசன் ஐசக்ஸும் மார்த்தா பிளிம்ப்டனும் ஒரு பக்கம், ரீட் பர்னியும் ஆன் டவுடும் மறு பக்கம். எழுதி இயக்கியவர் ஃப்ரான் கிரான்ஸ். அதுவரை நடிகராக இருந்தவர், இது முதல் படம். 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லாந்தில் 17 பேர் பள்ளியில் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டபோது அவர் ஒரு சின்னக் குழந்தைக்கு அப்பா. அங்கிருந்து தேடிப் படிக்க ஆரம்பித்தவரை, தென்னாப்பிரிக்காவில் கொன்றவர்களும் இழந்தவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் கதைகள் பிடித்துக்கொண்டன. அதிலிருந்து பிறந்ததுதான் இந்த மேசை.

ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் அந்த நாலு பேர் கண்ணுக்கு அகப்படவே மாட்டார்கள். தேவாலயத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணி அறையைத் தயார் செய்கிறார். நாற்காலியை எப்படிப் போடுவது, தின்பண்டத்தை எங்கே வைப்பது என்று பதற்றப்படுகிறார். டிஷ்யூ பெட்டியை வைக்கிற இடத்தில்கூடத் தயக்கம். கண்ணுக்கு நேரே வைத்தால், நீங்கள் அழுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும் என்று சொல்வதுபோல் ஆகிவிடும். எடுத்துவிட்டால், தேவைப்படும்போது கைக்கு எட்டாது.

முன்வரிசைக்கு இது தாங்கவில்லை. “அண்ணா, கால் மணி நேரமா மேசையையே தொடைக்கிறாங்க” என்று ஒரு குரல். சிரிப்பு. எனக்கோ மொத்தப் படத்திலும் பிடித்த பகுதி அதுதான். பஞ்சாயத்து நடந்த வீட்டில் சின்ன வயதில் இருந்தவர்களுக்கு இது தெரியும். பெரியவர்கள் வருமுன் பாயை விரிப்பதா நாற்காலி போடுவதா என்று ஒரு சண்டை நடக்கும். அவர்களுக்கு நாற்காலி, நமக்குப் பாய் என்றால் தாழ்ந்து போனதாகிவிடும். இரண்டு பக்கமும் நாற்காலி என்றால் வீட்டில் ஆறுதான் இருக்கும், பக்கத்து வீட்டுக்கு ஆள் ஓடும். நடக்கப்போகிற பேச்சின் பயமெல்லாம் அந்த நாற்காலிக் கவலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிரான்ஸுக்கு அது தெரிந்திருக்கிறது.

படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. விளக்கைப் போட்டேன். அக்கா டம்ளர் தட்டைச் சுற்றிலும் நீட்டிக்கொண்டு வந்தார்.

முதலில் வாயைத் திறந்தது ஜீப் பையன்தான். “நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஃப்ளாஷ்பேக்காவது வச்சிருக்கலாம். அந்த ஸ்கூல்ல என்ன ஆச்சுன்னு காட்டவே இல்லையே.” உடனே மூன்று பேர் அவனை ஆமோதித்தார்கள், இரண்டு பேர் பாய்ந்தார்கள். அன்றைய மாலையின் பெரிய சண்டையே இதுதான் என்று சொல்லலாம்.

அவன் கேட்டதில் குற்றம் இல்லை. ஒரு பாத்திரம் எங்கோ வெறித்துப் பார்த்துக்கொண்டு ‘அன்னைக்கு...’ என்று இழுத்தால் திரையில் அன்றைக்கு விரிய வேண்டும், நம் சினிமா பழக்கிய பழக்கம் அது. இந்தப் படத்தில் அந்தப் பையன்கள் இருவரையும் நாம் ஒரு நொடிகூட உயிரோடு பார்ப்பதில்லை. எந்த அறையில் எப்போது நுழைந்தான், எத்தனை நிமிடம் என்றெல்லாம் பேசுகிறார்கள். கேமரா, பேசுகிறவர் முகத்திலும் கேட்கிறவர் முகத்திலும்தான் நிற்கிறது. காட்டியிருந்தால் நாம் பள்ளிக்கூடத்தைப் பார்த்திருப்போம். காட்டாததால் அதைக் கேட்கிற தாயைப் பார்க்கிறோம். இதை நான் சொன்னபோது, “அது சரிண்ணா, ஆனா எனக்கு மனசுல படமா ஓடலையே” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒருவனுக்கு ஓடவில்லை என்றால் ஓடவில்லைதான்.

ஆனால் ‘வெறும் பேச்சு’ என்று இன்னொருவர் அலுத்துக்கொண்டதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பேச்சைக் கேட்கக் காசு கொடுத்து வந்த கூட்டம் நாம். 1952-இல் பராசக்தி வந்தபோது, அதற்குக் கலைஞர் எழுதிய நீதிமன்ற வசனத்தை ஊரே மனப்பாடம் செய்தது. சினிமாவில் பேச வேண்டும் என்று ஆசைப்பட்ட எத்தனையோ பேர் கண்ணாடி முன் நின்று அதைத்தான் சொல்லிப் பார்த்தார்கள். கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் என்றால் இன்றும் பனியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நள்ளிரவு வரை உட்காருகிறோம். பேச்சு நமக்குப் புதிதா என்ன?

வித்தியாசம் வேறு இடத்தில். நம் வசனம் எதிரே நிற்கிற பாத்திரத்துக்குச் சொல்லப்படுவதே இல்லை. அது நீதிபதியைத் தாண்டி, திரையைத் தாண்டி, தரை டிக்கெட்டில் இருப்பவனுக்குச் சொல்லப்படுவது. முடியும்போது கைத்தட்டலுக்கு ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். இந்தப் படத்தில் ஒரு வாக்கியம் முழுதாக முடிவதே அபூர்வம். சுட்ட பையனின் அப்பா கையில் தேதிகளும் விவரங்களும் வைத்துக்கொண்டு அறிக்கை வாசிப்பதுபோல் பேசுகிறார். அந்தப் பேச்சு மேசையைத் தாண்டாமல் கீழே விழுந்துவிடுகிறது. அவர் மனைவி பேசும்போது, தன்னையே பாதியில் நிறுத்தித் திருத்திக்கொள்கிறார். அழுகையைவிட அந்தத் திருத்தல் எனக்கு அதிகம் வலித்தது. என் மகன் நல்லவன் என்று சொல்ல அந்த அறையில் அவளுக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவள் அதை அளந்து பார்க்கிறாள். ஆன் டவுடுக்கு இந்தப் படத்துக்காக, பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டாவில் துணை நடிகைக்கான பரிந்துரை கிடைத்தது. பரிந்துரையோடு நின்றதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஒரே அறைப் படம் என்றதும் ஆங்கிலப் படம் பார்க்கிறவர்கள் எல்லாரும் 1957-இன் ‘12 ஆங்ரி மென்’ படத்தை இழுப்பார்கள், அன்றும் இழுத்தார்கள். சிட்னி லூமெட் அதில் லென்ஸை மாற்றி மாற்றி, கேமராவைக் கீழே இறக்கி, கடைசியில் கூரையே தலையில் இடிப்பதுபோல் அறையைச் சுருக்கிக்கொண்டே போனார். கிரான்ஸ் வேறு வழியில் போகிறார். ஆரம்பத்தில் கேமரா ஆணி அடித்ததுபோல் அசையாமல் நிற்கும். பேச்சு கைமீறும் இடத்தில் அது கைக்கு மாறி லேசாக ஆடத் தொடங்குகிறது. அங்கே அறை சின்னதாகிறது, இங்கே தரை நழுவுகிறது. இதை அன்று நான் உணர்ச்சிவசப்பட்டு விளக்க, ஹார்டுவேர் அண்ணன் கொட்டாவி விட்டார். சரி, விட்டுவிடுகிறேன்.

அண்ணனுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். அவருக்குப் படத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேள்வி. “பெத்தவங்களுக்கு எப்படித் தெரியாமப் போகும்?” செத்த பையனின் அப்பா அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார், அண்ணன் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் ஒரு தங்கை அதை மறுத்தாள். “உங்க பெரியவன் போன்ல என்ன பார்க்கிறான்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா?” அண்ணன் வர்க்கியைப் பிட்டு டீயில் முக்கியவர் அதை வெளியே எடுக்க மறந்துவிட்டார். அவளுக்குப் படத்தின் மேல் வேறு ஒரு குறை இருந்தது. துப்பாக்கிச் சட்டம் பற்றிய பேச்சு தலையெடுத்த கொஞ்ச நேரத்தில் அதை ஓரங்கட்டி, எல்லாவற்றையும் நாலு பேரின் மனசுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்றாள். துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கண்ணீரை மட்டும் துடைத்தால் எப்படி? பாதிக்குமேல் நான் அவள் கட்சி. அந்த அறைக்குள் அரசியல் பேசினால் அந்தச் சந்திப்பு பத்து நிமிடம்கூட நீடித்திருக்காது என்பதும் உண்மைதான்.

கடைசிப் பகுதியில் செத்த பையனின் தாய், எதிரே இருப்பவர்களை மன்னித்துவிட்டதாகச் சொல்கிறாள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நீலகிரி மலையின் படுகர் சமூகத்தவர், பக்கத்து ஹட்டிக்காரர். ஹட்டி என்றால் படுகர் ஊர். எங்கள் கூட்டத்தில் கடைசியாகத்தான் பேசுவார்.

“அந்த அம்மா ஒருத்தி தலையில எல்லாத்தையும் ஏத்திட்டாங்க தம்பி” என்றார். “மன்னிக்கிறது ஒரு ஆள் தூக்கற சுமை இல்ல. எங்க சாவுல பார்த்திருப்பீங்களே.”

பார்த்திருக்கிறேன். படுகர் வீட்டுச் சாவில், எடுப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் நின்று இறந்தவரின் பாவங்களை வரிசையாகச் சொல்வார். கரு ஹரச்சோது என்பார்கள். ஊர்ந்து போன பாம்பை அடித்தது, பல்லியைக் கொன்றது, எல்லைக் கல்லை நகர்த்தி வைத்தது என்று நீளும். கூடியிருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் சேர்ந்து குரல் கொடுப்பார்கள். 1871-இல் அச்சான ஒரு நாட்டுப்பாடல் தொகுப்பிலேயே இந்தப் பட்டியல் இருக்கிறது. சர்க்காரிடம் போய் நின்றதும் அதில் ஒரு பாவம். முன்பெல்லாம் ஒரு கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து, அத்தனையும் அதன் மேல் ஏற்றி, அவிழ்த்து விட்டுவிடுவார்கள். இறந்தவர் அதையெல்லாம் செய்தாரா இல்லையா என்று யாரும் விசாரிப்பதில்லை. மனிதன் செய்யக்கூடியது அனைத்தும் அந்தப் பட்டியலில் உண்டு, சொல்லிவிட வேண்டும், ஊர் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

“சுட்ட பையனுக்கு அப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்ல” என்றார் சார். “அவனுக்குச் சொல்லாம இருக்கறதுனாலதான் இந்த நாலு பேரும் பூட்டின ரூமுக்குள்ள இருந்துக்கிட்டு சொல்லிக்கறாங்க. ஊர் எங்க போச்சு? மாடியில பாட்டுப் பாடிட்டு இருக்கு.”

படம் முடியும் தறுவாயில் தேவாலயப் பாடகர் குழு ஒத்திகை பார்க்கும் பாட்டு அந்த அறைக்குள் இறங்கி வரும். எனக்கு அந்த இடம் கொஞ்சம் வசதியான முடிவாகத்தான் பட்டிருந்தது. சட்டென்று இரக்கம் வரவழைக்கிற இசை. சார் சொன்னதிலிருந்து அதை அப்படி நினைக்க முடியவில்லை.

பேச்சு முழுக்க அக்கா வாயைத் திறக்கவில்லை. “நீங்க சொல்லுங்கக்கா” என்று நர்ஸ் தங்கை கேட்டதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கென்ன புரிஞ்சுது. அந்த வெள்ளைத் தலைக்காரரும் அந்த அம்மாவும் புருஷன் பொண்டாட்டியா? சேர்ந்து வாழல, இல்ல? உட்கார்ந்திருக்கறதுலயே தெரியுது.”

அவர்கள் பிரிந்து வாழ்பவர்கள்தான். படம் அதை அடிக்கோடு போட்டுச் சொல்வதில்லை. சப்டைட்டில் படித்த எங்களில் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை.

“அப்புறம், அந்தப் பொண்ணு பாவம் ஓடி ஓடி எடுத்து வச்சுது பாருங்க, பலகாரம். ஒருத்தரும் கை நனைக்கலையே.”

கை நனைப்பது. மனஸ்தாபம் உள்ள வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்புவதும், சமாதானமானால் முதலில் ஒரு வாய் சோறு சாப்பிட வைப்பதும் நம் வழக்கம். மூன்று முறை பார்த்த படம் எனக்கு. அந்தத் தட்டை நான் அந்தக் கண்ணோடு பார்த்ததே இல்லை.

இங்கே என் கதையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏன் மூன்று முறை பார்த்தேன் என்பது புரியாது.

ஒன்பது வருடத்துக்கு முன் என் சித்தப்பா மகன் பச்சைத் தேயிலை ஏற்றிய பிக்கப்பை ஃபேக்டரிக்கு ஓட்டிப்போகும்போது, பனிமூட்டத்தில் ஒரு வளைவில், டூ வீலரில் எதிரே வந்த பையன் மேல் ஏற்றிவிட்டான். பையன் அங்கேயே போய்விட்டான். வண்டிக்கு இன்சூரன்ஸ் தேதி முடிந்து இருபது நாள். போலீஸ் கேஸ் ஒரு பக்கம் நடந்தது. மறுபக்கம் பெரியவர்கள் சேர்ந்து பேசி முடிப்போம் என்று ஒரு மாலை உட்கார்ந்தார்கள். கணக்கு எழுதத் தெரிந்தவன் என்பதால் என்னைக் கூட்டிப்போனார்கள்.

அந்த அறையிலும் ஒரு மேசை. எங்கள் பக்கம் ஐந்து பேர். அந்தப் பக்கம் பையனின் அப்பா, அவருடைய தம்பி, அவர்கள் லைன் வீடுகளைச் சேர்ந்த இரண்டு பேர். அம்மா வரவில்லை. இரண்டரை மணி நேரம் பேசினோம், அத்தனையும் தொகை. எத்தனை தவணை, முதல் தவணை எப்போது, மாட்டை விற்றால் எவ்வளவு வரும், கேஸில் என்ன சொல்வது. நான் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் எல்லாரும் நல்லவர்கள்தான். அன்று எங்கள் மனதெல்லாம் சித்தப்பா மகனின் எதிர்காலத்தில் இருந்தது. சித்தப்பா ஒரு தடவை கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கும் உடனே தொகையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வதாக ஒரு அர்த்தம் வந்துவிட்டது.

பையனின் அப்பா கடைசி வரை வாயே திறக்கவில்லை. ஒப்பந்தத் தாளை எழுதி நான்தான் வாசித்துக் காட்டினேன். கையெழுத்துக்கு நீட்டியதும் அதை வாங்கி முதல் பக்கத்தில் விரலை வைத்தார். “பேனா குடுங்க” என்றார். மகன் பெயரில் நான் ஒற்றை ‘ல’ போட்டிருந்தேன். அதை அடித்துவிட்டு, மேலே சின்னதாக ‘ள’ எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை, உண்மையைச் சொல்கிறேன். வேலை முடிந்தது என்ற நிம்மதி மட்டும் இருந்தது. இந்தப் படத்தில், சுட்டவனைப் பெற்ற தாய் எதிரே இருப்பவளிடம் அவள் மகனைப் பற்றிச் சொல்லும்படி கேட்கிற இடம் வந்தபோதுதான் அந்த ‘ள’ ஞாபகத்துக்கு வந்தது. படத்தை நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் பார்த்தேன்.

அன்றைய பேச்சில் இதை நான் சொல்லவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு, மழை விடட்டும் என்று சார் மட்டும் படியருகே நின்றிருந்தார். நான் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா மிச்ச வர்க்கியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஒவ்வொருத்தரும் ஒரு நாற்காலியில உட்கார்ந்து பேசினாங்களே, நீங்க எந்தப் பக்கம் உட்கார்ந்தீங்க தம்பி?” என்று சார் கேட்டார்.

சொன்னேன். முழுதாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னேன். அவர் இடையில் ஒன்றும் பேசவில்லை.

“பையனுக்கு என்ன வயசு?”

“பத்தொன்பது சார்.”

“என்ன பண்ணிட்டிருந்தான்? படிச்சானா, வேலையா?”

எனக்குத் தெரியவில்லை. தாளில் வயதும் தகப்பன் பெயரும் விலாசமும்தான் இருந்தன.

சார் குடையை விரித்தார். அக்கா வர்க்கிப் பொட்டலத்தை என்னிடம் நீட்டி, “வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, காலையில நமத்துப் போயிரும்” என்றார். கீழே ஜீப் பையன்கள் இன்னும் ஃப்ளாஷ்பேக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.